தாங்கல் இல்லாத நீளம்

தண்ணீர் வராத நாளிலும் குழாய் அதிர்ந்துகொண்டிருந்தது. வாசுவுக்கு அதுதான் பிடிபடவில்லை.

ஊரின் தங்கச் சுரங்கம் மூடிய வருடம். அந்தச் சுரங்கத்துக்கு மேலேயே இருந்த சாம்பியன் ரீப்ஸ் குடியிருப்பில், மண்ணெண்ணெய் வாடையும் சுவர்க் கடிகாரச் சத்தமும் தவிர வேறு துணையில்லாத வீட்டில் உட்கார்ந்து, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்காகக் கடலடிக் குழாய்களின் அதிர்வெண்ணைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தான். கடல்தரையில் மண் அரித்துப்போன இடத்தில் குழாய் அந்தரத்தில் தொங்கும். தொங்கும் நீளம் கூடக்கூட ஆட்டம் மெதுவாகும். கடலையே பார்க்காதவனுக்கு இந்தக் கணக்கு மட்டும் அத்துப்படி. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன குணசுந்தரி இன்று மாலை ரயிலில் திரும்புகிறாள். அவள் இல்லாத ஏழு மாதமும் அவன் செத்துப் பிழைத்திருந்தான்.

முந்தாநாள் தரை குலுங்கியது. இந்த ஊரில் அதற்காக யாரும் அடுப்பை அணைப்பதில்லை. "இன்னா வாசு, மூஞ்சி வெளுத்துப் போச்சு? கீழ பாறை வெடிக்குது, அவ்ளோதான். போயி டீ குடிப்பா" என்றாள் பக்கத்து வீட்டு மங்கம்மா. அவனும் அப்படியே நம்பி, போனில் மனைவியிடம், "வீடு நல்லாத்தான் கீது, வா" என்றிருந்தான்.

வாசலிலிருந்து நடுக்கூடத்துத் தரைக்கடியில் ஓடிவந்து சமையலறையில் மேலெழும் குழாய் அது. மத்தியானம் அதில் உள்ளங்கையை வைத்து, கைக்கடிகாரம் பார்த்து எண்ணினான். பத்து விநாடிக்கு நாற்பத்தைந்து ஆட்டம். கணக்குப்படி, கூடத்துக்குக் கீழே பதின்மூன்றடிக்கு மண்ணே இல்லை.

நாலு மணிக்கு மறுபடி எண்ணினான். இருபது ஆட்டம்தான். அப்படியானால் இருபதடி.

வீட்டின் நீளமே இருபத்திரண்டு.

ஸ்டேஷனுக்கு ஓடி அவளைத் தடுக்க வேண்டும். குழாயிலிருந்து கையை எடுப்பதற்குள் வாசல் கதவு திறந்தது.

"ரயிலுக்கு நிக்கல, பஸ்லயே வந்துட்டேன்." குணசுந்தரி பையோடு உள்ளே நடந்து வந்தாள். "இன்னாங்க, இப்டி பாக்கறீங்க?"

"அங்கியே நில்லு. நகராத."

நின்றாள். நடுக்கூடத்தில்.

அவன் கைக்குள் ஆட்டம் மாறியது. மெதுவாகவில்லை. வேகமாயிற்று. நாலு மடங்கு. அதற்கு ஒரே காரணம்தான். தொங்கும் குழாயை நடுவில் எதுவோ தாங்கிப் பிடித்திருக்கிறது.

பிறகு இன்னொரு இடத்தில். இன்னொன்று.

குழாய் அசைவற்றுப் போனது.

அவள் காலடியில் சிவப்புத் தரை பிளந்தது. பிளவுக்குள் குழாய். அதன்மேல் வரிசையாக விரல்கள். பாறைப்பொடி படிந்தவை. ஈரமானவை.

ஒரு கை குழாயை விட்டது. மேலே நீண்டது. கொலுசுக்கு மேலே, கணுக்காலைச் சுற்றி, மெல்ல மூடிக்கொண்டது.

குணசுந்தரி குனிந்து பார்க்கவில்லை. அவன் சொன்னபடியே, அவனையே பார்த்துக்கொண்டு, நகராமல் நின்றாள்.