இடது சீட்டின் எடை

இடது சீட்டில் யாரும் இல்லை. மீட்டர் மட்டும் நாலு கிலோ என்று காட்டியது.

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காகப் பதினாறு வருடம் குப்பை கொட்டியவன். ஆளே இல்லாத லிஃப்ட், ஆள் அதிகம் என்று கத்திக்கொண்டு கதவை மூட மறுப்பதை எத்தனையோ கட்டடங்களில் பார்த்திருக்கிறான். "சென்சார் கோளாறு சார், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி, ஒரு திருகைத் திருகிவிட்டு வந்துகொண்டே இருப்பான். இது அவன் வீட்டுக் கார் ஷெட்டில் அவனே கட்டிய யந்திரம். அதற்கும் அதே சமாதானம் போதும் என்று நினைத்தான்.

பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் கிரீஸும் கம்பியுமாகக் கிடக்கிறவனுக்கு வானம் வேண்டியிருந்தது. இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று உருவானது அது. இரும்புச் சட்டத்தின்மேல் பிளைவுட் மேடை, அதைத் தூக்கவும் சாய்க்கவும் மூன்று மோட்டார்கள், காயலான் கடையில் தேடிப்பிடித்த இரண்டு கார் சீட்டுகள், எதிரே மூன்று திரைகள். வலது சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, இடக்கையால் நெம்புகோலை மெல்ல உயர்த்தினால் திரையில் ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பும். மேடையும் கூடவே எழும்பும். மோட்டார்களின் முனகலும் சூடேறிய பிளைவுட்டின் வாசனையும் சேர்ந்து, கண்ணை மூடினால் நிஜமாகவே பறக்கிற மாதிரி இருக்கும். "கார் வெயில்ல காயுது, இல்லாத ஹெலிகாப்டருக்கு ஷெட் கேக்குதா?" என்று மனைவி கேட்டாள். கேட்டதோடு சரி, தடுக்கவில்லை.

இடது சீட் மகளுக்கு. ஆறு வயது, பதினெட்டு கிலோ. அவளுக்காகத்தான் அவன் அந்தக் கைவேலையைச் செய்தான்: லிஃப்ட் தரைக்கடியில் இருப்பது போன்ற எடை சென்சார்களை இரண்டு சீட்டுகளுக்கும் அடியில் பொருத்தி, கம்ப்யூட்டரோடு இணைத்தான். யார் எவ்வளவு கனமோ, ஹெலிகாப்டர் அந்தப் பக்கம் அவ்வளவு தாழும். மகள் ஏறி உட்கார்ந்தால் இடப்பக்கம் லேசாக இறங்கும். "நான் குண்டாயிட்டேனாப்பா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

அடுத்த வாரம் மீட்டர் பதினொன்று என்றது.

இந்த முறை பறந்தும் பார்த்தான். ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்பதுதான் ஹெலிகாப்டரில் பெரிய வித்தை. நடுவில் இருக்கும் ஸ்டிக்கை ஒரு நூல் அசைத்தாலும் போச்சு. அன்று நேராக நிற்பதற்கு ஸ்டிக்கை வலப்பக்கம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. சரி, சென்சார் தப்பாகச் சொல்கிறது, கம்ப்யூட்டர் அதை நம்புகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆற்றுப் பாலத்தின்மேல் இடப்பக்கமாக வளைந்து திரும்பினான். எண் மாறியது. பதினொன்று, ஒன்பது, பன்னிரண்டு. பாலம் பின்னால் போனதும் மறுபடி பதினொன்றில் வந்து நின்றது. கோளாறான சென்சார் தாறுமாறாகக் காட்டும். இது தாறுமாறாக இல்லை. யாரோ பாலத்தைப் பார்க்க முன்னால் சாய்ந்துவிட்டு, பார்த்து முடித்ததும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது.

இடது சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான். ஒன்றுமில்லை. சீட் பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது. அவன் மாட்டவில்லை.

அப்போதுதான் மைத்துனன்மேல் சந்தேகம் விழுந்தது.

மனைவியின் தம்பி. கூரியர் வேன் ஓட்டுகிறவன், மாடி அறையில் ஒரு வருடமாக ஜாகை. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு மதிய ஷிஃப்ட் விழும் நாட்களில் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, சாப்பிடவைத்து, பார்த்துக்கொள்வது அவன்தான். நல்ல பையன் என்றுதான் இதுவரை எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் நல்ல குணம்கூட நடிப்பாகத்தான் தெரியும். அவன் ஏன் ஷெட்டைப் பற்றிக் கேட்பதே இல்லை? ஏன் சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொள்கிறான்?

மகள் மூன்று வாரமாக ஷெட் பக்கம் வரவில்லை. அதுவும் இப்போதுதான் உறைத்தது.

"ஏன்டா கண்ணு, பறக்க வரமாட்டேங்கற?"

"அந்த சீட் சுடுதுப்பா."

"சுடுதா?"

"இப்பதான் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி."

போதாதா? அன்றே ஷெட்டின் வெளிக்கதவுக்கும் வீட்டுப்பக்கக் கதவுக்கும் புதுப் பூட்டு வாங்கிப் போட்டான். சாவிகளைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டான். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது உள்ளே ஈரத்தலை வாசனை அடித்தது. துவட்டாத முடியின் வாசனை. மீட்டரில் இருபத்து மூன்று.

பூட்டு உடையவில்லை. ஜன்னல் இல்லாத ஷெட். இதைப் பார்த்து அவன் பயந்திருக்க வேண்டும். பயப்படுவதைவிடக் கோபப்படுவது சுலபமாக இருந்தது. சந்தேகப்பட ஆரம்பித்தவனுக்குப் பூட்டெல்லாம் ஒரு பொருட்டா, மாற்றுச் சாவி ஒன்று மனத்திலேயே தயாராகிவிடும்.

"உண்மையச் சொல்லு மாப்ள. ஷெட்டுக்குள்ள என்ன பண்ற?"

மைத்துனன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான். "நானா? எனக்கு அந்தப் பக்கம் வந்தாலே தலை சுத்தும் மாமா."

"சும்மா கதை சொல்லாத. சாவி எங்க?"

"என்ன சாவி? அக்கா, இவரு என்ன கேக்குறாரு?"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "ஏங்க, ஒரு பொம்மைக்காகவா வீட்டுப் பையனத் திருடன்னு சொல்றீங்க?"

பொம்மை என்ற சொல் அவனைச் சுட்டுவிட்டது. அதன்பிறகு வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினான். மறுநாள் காலையில் மைத்துனன் இரண்டு பைகளோடு இறங்கிப் போனான். மகளை மட்டும் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு, அவனிடம் சொல்லிக்கொள்ளாமலே போனான். மனைவி ஒரு வாரம் அவனோடு தேவைக்குமேல் பேசவில்லை.

அன்று மாலையும் மீட்டரில் இருபத்து மூன்று.

தப்பு செய்துவிட்டோம் என்று அவனுக்கு அங்கேயே தெரிந்தது. போனை எடுத்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத் தொழிலில் செய்வதைச் செய்தான். லிஃப்டில் எடை தப்பாகக் காட்டினால், கதவைத் திறந்து, உள்ளே காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, பட்டனை அழுத்தி அந்த எடையையே பூஜ்யம் என்று யந்திரத்துக்குச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு அது அங்கிருந்துதான் எண்ணத் தொடங்கும். அவன் டார்ச் அடித்து இடது சீட்டைப் பார்த்தான். காலி. கையை வைத்துப் பார்க்கவில்லை.

பட்டனை அழுத்தினான். இருபத்து மூன்று மறைந்து பூஜ்யம் வந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது. ஒன்பது நாள் ஹெலிகாப்டர் துளிகூடச் சாயவில்லை. ஸ்டிக் நடுவிலேயே நின்றது. ஈரத்தலை வாசனைக்கும் மூக்கு பழகிவிட்டது. தன் வேலைத்திறமையை நினைத்து அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பத்தாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். மனைவிக்கு மதிய ஷிஃப்ட், விடுப்பு கிடைக்கவில்லை. "நாலு மணிக்கு ஒரு தடவ மருந்து குடுங்க. பக்கத்துலயே இருங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள். அவன் லீவு போட்டிருந்தான். சோபாவில் தூங்கிப்போன மகளைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் அறையில் படுக்கவைத்தான். பதினெட்டு கிலோ, கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாலும் அவன் கைகள் அதைச் சொல்லும். மருந்து கொடுத்தான். நெற்றி கொதித்தது. நாலேகால் மணிக்கு, பத்தே நிமிடம் என்று சொல்லிக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். வீட்டுப்பக்கக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தான். மகள் கூப்பிட்டால் கேட்கட்டும் என்று அதைப் பூட்டாமல் வெறுமனே சாத்திவைத்தான்.

ஹெலிகாப்டர் எழும்பியது. ஏரிக்கு மேலே, தண்ணீரிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் அதை நிறுத்தினான். மோட்டார்கள் சீராக முனகின. திரையில் பிற்பகல் வெயில் தண்ணீரில் மினுங்கியது. காய்ச்சல், மனைவியின் முகம், மைத்துனன் சொல்லாமல் போனது எல்லாம் ஒவ்வொன்றாக விலகின. ஸ்டிக்கைப் பிடித்த விரல்கள் தளர்ந்தன. நேராக, அசையாமல், அப்படியே நின்றது.

அப்போது மேடை ஒருமுறை ஆடியது. படகிலிருந்து ஒருவர் இறங்கினால் படகு ஆடுமே, அப்படி.

ஹெலிகாப்டர் வலப்பக்கம் சரிந்தது. அவன் ஸ்டிக்கை இடப்பக்கம் இழுத்தான். பிடிபடவில்லை. திரையில் தண்ணீர் எழுந்து வந்து கண்ணாடியை மூடியது. மோட்டார்கள் நின்றன. விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

மீட்டரைப் பார்த்தான்.

வலது, எழுபத்தெட்டு. இடது, மைனஸ் இருபத்து மூன்று.

மைனஸ்.

ஒரு நிமிடம் அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. பிறகு புரிந்தது. பூஜ்யம் என்று அவன் யந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தது காலியான சீட்டை அல்ல. ஒன்பது நாளும் அது உட்கார்ந்தேதான் இருந்தது. அவனோடு ஆற்றையும் பாலத்தையும் பார்த்துக்கொண்டு. இப்போதுதான் சீட் காலி.

வீட்டுப்பக்கக் கதவு திறந்திருந்தது.

பெல்ட்டின் கொக்கி கழலவில்லை. விரல்கள் வழுக்கின. போனைத்தான் முதலில் எடுத்தான்; எப்படியாவது இது மைத்துனன் வேலையாக இருந்துவிட வேண்டும் என்று அவன் உயிரே கெஞ்சியது.

"மாப்ள, எங்கடா இருக்க?"

லாரி ஹாரன்கள். காற்று. "ஹைவேல மாமா. வீட்டுக்கு இங்கேருந்து அஞ்சு மணி நேரம். ஏன், இன்னைக்கு என்ன காணாம போச்சு?"

மைத்துனன் இருந்திருந்தால் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவனை விரட்டியது யார்? கொக்கி கழன்றது. போன் கீழே விழுந்து, "மாமா? பாப்பா நல்லா இருக்காளா மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குள் நடைவழி. வெயில் இன்னும் தரையில் கிடந்தது. குழாய் சொட்டும் சத்தம். ஃபிரிட்ஜ் சத்தம். ஈரத்தலை வாசனை, இங்கேயும். மகளின் அறைக் கதவு அவன் சாத்தியபடியே இல்லை.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வை காதுவரை. மூச்சு சீராக வந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. கட்டிலுக்கடியில் குனிந்தான். இல்லை. அலமாரி. இல்லை. நன்றி சொல்லத் தோன்றியது, யாரிடம் என்று தெரியவில்லை. வெளியே போய்விட வேண்டும். பக்கத்து வீடு. தெரு. எங்கேயாவது. போர்வையோடு சேர்த்து அவளுக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்தான்.

தூக்கினான்.

வரவில்லை.

முழங்காலை ஊன்றி, முதுகைக் கொடுத்துத் தூக்கினான். வந்தாள். பதினெட்டு இல்லை. கைகளுக்குத் தெரியும். பதினெட்டும் இருபத்து மூன்றும்.

கீழே போட்டுவிடு என்றது உடம்பு முழுவதும். எப்படிப் போடுவான்? அவள் சுடும் கைகள் இரண்டும் அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. சுடும் கன்னம் அவன் தோளில் பதிந்தது. இது என் குழந்தை. இந்தச் சூடு என் குழந்தையுடையது. மீதியைப் பற்றி நினைக்காதே. நட.

ஒரு அடி. இன்னொன்று. கூடம்.

"அப்பா..." தூக்கக் கலக்கத்தில் முனகினாள். "விட்டுடாதீங்கப்பா."

"உன்னை விடுவேனாடா கண்ணு."

"என்னை இல்லப்பா."

அவன் குனிந்து பார்க்கவில்லை. வாசல் கதவுக்கு வந்துவிட்டான். தாழ்ப்பாள் மேலே, அவன் தலை உயரத்தில். இரண்டு கைகளும் அடியில் மாட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்தால் எல்லாம் விழுந்துவிடும். கதவில் தோளைச் சாய்த்து நின்றான். மூச்சு வாங்கியது. மகளின் கைகள் கழுத்தில் இன்னும் கொஞ்சம் இறுகின. இடது கை. வலது கை. இரண்டும் அவன் பிடரியில் கோத்துக்கொண்டிருந்தன.

போர்வை அவன் நெஞ்சின்மேல் மெல்ல விலகியது. உள்ளிருந்து ஒரு சின்னக் கை, ஈரமாக, வெளியே வந்து, அவன் முகத்தைக் கடந்து நிதானமாக உயர்ந்து, தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தது.