இடப்பக்க இருக்கை

1937 நவம்பர் 12, வெள்ளி. இடப்பக்க இருக்கையில் பஞ்சைக் குறைவாக அடைத்துவிட்டேன். நடுவில் குழி விழுந்திருக்கிறது. தவறு என்னுடையது. நாளை பிரித்துத் திரும்ப அடைக்க வேண்டும்.

எழுதிவிட்டு முத்திருளன் பேனாவை மூடினான். அன்றன்று செய்த தவறையும் மறுநாள் வேலையையும் எழுதிவைக்கச் சொல்லியிருந்தார் தோல் தைக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பு வாத்தியார். தவறுகளுக்கு அவனிடம் பஞ்சமே வந்ததில்லை. ஆனாலும் இந்த வரியை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பஞ்சை அவன் குறைவாக அடைக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் விரல் வலிக்கும்படி அடைத்திருந்தான். அந்த இருக்கையில் இதுவரை யாரும் உட்காரவும் இல்லை.

ஆரப்பாளையத்தில் அவன் குடியிருந்த வீட்டின் பின்புறம், தகரக் கொட்டகையில் நின்றது அந்தக் கார். இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார். யாரோ ஒரு துரை அதை மரத்தில் மோதிவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். முத்திருளன் கணக்கெழுதிய பஸ் ஷெட்டில் அது எலிகளுக்கு வீடாகக் கிடந்தது. "ஓட வச்சா ஒனக்குத்தான்டா" என்று முதலாளி விளையாட்டாகச் சொன்னதை அவன் மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஷெட்டு ஆட்களைக் கெஞ்சிக் கூத்தாடி எஞ்சினை ஓடவைத்தான். இருக்கைகளைத் தானே தைத்துக்கொள்வது என்று முடிவு செய்தான்.

துரையின் இருக்கை ஒடுக்கமானது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது. மனைவி ஒச்சாயியை அந்தக் காரில்தான் தலைப்பிரசவத்துக்குச் சோழவந்தானுக்குக் கூட்டிப்போவேன் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

அளவெடுக்க அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். வைகை மணலை நனைத்து இருக்கைச் சட்டத்துக்குள் கொட்டி, அதன்மேல் சாக்கை விரித்து அவளை உட்காரவைத்தான். எழுந்ததும் மணலில் பதியும் வடிவத்துக்கு ஏற்ப ஸ்பிரிங்கை மாற்றுவது அவன் திட்டம்.

"அடைக்கோழி கணக்கா உக்கார வச்சுட்டீகளே" என்று அவள் சிரித்தாள். சிரிப்பில் வயிறு குலுங்கியது. "அது சரி, ரெண்டு சீட்டு வண்டியில மூணாவது ஆளு எங்க உக்காரும்?"

"ஒன் மடியிலதான்."

"எம்புட்டு நேரத்துக்கு? எனக்குக் கை வலிச்சா எங்க எறக்கிவைக்கிறது?"

அவன் சாக்கின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

வைகையில் புதுத்தண்ணீர் வந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

செத்தவர் மெத்தையை எரித்துவிடுவது வழக்கம். அவன் உறையை மட்டும் எரித்தான். இலவம்பஞ்சை மூட்டையாகக் கட்டி ஒளித்துவைத்து, இடப்பக்க இருக்கையில் அடைத்தான். கோணூசியும் மெழுகு நூலுமாகத் தையல் தையலாக அந்த வேலையில் உட்கார்ந்திருந்த மாலைகளில் மட்டும்தான் அவனுக்கு மூச்சுவிட முடிந்தது.

சனிக்கிழமை தையலைப் பிரித்து, மிச்சமிருந்த பஞ்சையும் திணித்துத் தைத்தான். ஞாயிறு காலை குழி மறுபடி இருந்தது. முன்னைவிட ஆழமாக.

அன்று சோழவந்தானிலிருந்து ஒச்சாயியின் அண்ணன் காளை வந்தான். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்த ஈரம் வேட்டியில் இன்னும் காயவில்லை.

"என்ன மாப்ள, செத்த மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்கிறீக? தொரைக்கே ஒழுங்கா ஓடாத வண்டி இது" என்றபடி கொட்டகைக்குள் வந்தவன், குரலைத் தாழ்த்தினான். "கல்லு சொல்லியாச்சு. நீங்க வந்து நின்னாத்தான் நட முடியும்."

சுமைதாங்கிக் கல். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி செத்தவளுக்காகப் பாதையோரம் நடுவது. தலைச்சுமையோடு போகிறவர்கள் அதன்மேல் பாரத்தை இறக்கி இளைப்பாறும்போது, அவளுடைய பாரமும் இறங்கும் என்பார்கள். இறங்கிவிட்டால் அவள் போய்விடுவாள்.

"கொஞ்ச நாள் போகட்டும் மச்சான்."

"இதத்தான் போன தடவையும் சொன்னீக. அவ அங்குட்டும் போக முடியாம இங்குட்டும் வர முடியாம நிக்கிறா, மாப்ள."

"நின்னா நிக்கட்டும். போகாம இருந்தாப் போதும்."

"சும்மா நிக்கலையே. பாரத்தோட நிக்கிறா. உங்களுக்கு எரக்கமில்லையா?"

முத்திருளன் தலையைக் குனிந்துகொண்டான். காளை பெருமூச்சோடு இடப்பக்க இருக்கையில் கையை ஊன்றினான். சட்டென்று எடுத்துவிட்டான்.

"யாரு உக்காந்திருந்தா?"

"யாருமில்ல."

"சுடுதே."

காளை கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்து முத்திருளன் வீடு திரும்பியபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. தெருவில் யாரோ கருவாடு சுடும் வாசனையும் சாக்கடை வாசனையும் கலந்து வந்து, அவன் பின்கட்டுக்குப் போகப்போக ஒவ்வொன்றாகப் பின்தங்கி, கொட்டகைக் கதவருகே ஈர வெற்றிலையின் வாசனை மட்டும் மிஞ்சியது. குளித்துவிட்டு வரும்போது ஒச்சாயியின் கழுத்தடியில் எப்போதும் இருக்கும் வாசனை. தகரத்தில் தூறல் விழும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. ஸ்பிரிங் முனகும் சத்தம். கனத்த உடம்பு ஒன்று தோதான இடம் கிடைக்காமல் இப்படியும் அப்படியும் புரள்வது போல.

அவன் கதவைத் திறந்து லாந்தரை உயர்த்தினான்.

இடப்பக்க இருக்கை அமுங்கியிருந்தது. மணலில் பதிந்திருந்த அதே வடிவம். இடது இடுப்புப் பக்கம் சற்று ஆழம். அவள் அப்படித்தான் சாய்ந்து உட்காருவாள். முதுகுத் தோலும் உள்வாங்கியிருந்தது.

"ஒச்சாயி."

முனகல் நின்றது.

"சௌரியமா இருக்கா?"

தூறல். தகரம். அவன் மூச்சு.

அப்போது தோல் இன்னும் இறங்கியது. தையல்கள் இழுபட்டன. ஒரு நூல் அறுந்தது. பிறகு இன்னொன்று. சட்டம் நெறிந்தது. சுமக்க மாட்டாத சுமை. அவனுக்கு அழுகை வந்தது. பாரத்தோட நிக்கிறா. காளை சொன்னது சரி. இத்தனை நாளும் அவளை இப்படியே வைத்திருந்தது அவன்தான்.

"எறக்கி வையி தாயி," என்றான். "எங்கிட்டாச்சும் எறக்கி வச்சிரு."

ஒரு நீண்ட மூச்சு வெளியேறியது. அவனுடையது அல்ல.

இடப்பக்க இருக்கை மெல்ல எழும்பியது. குழி நிரம்பியது. முதுகு நிமிர்ந்தது. அவன் ஓடிப்போய்க் கையை வைத்தான். சில்லென்றிருந்தது. வெற்றிலை வாசனை இல்லை. வெறும் தோலும் மெழுகும்.

"ஒச்சாயி. ஏய். போகாத."

வலப்பக்கத்தில் ஸ்பிரிங் ஒன்று முனகியது. சின்னதாக.

ஓட்டுகிறவன் இருக்கை. அவன் இருக்கை. லாந்தரைத் திருப்பினான்.

நடுவில் ஒரு பள்ளம். முழங்கை நீளம்தான் இருக்கும். ஒரு பக்கம் தலை அளவுக்கு உருண்டை. மறுபக்கம் மடக்கிய கால்கள் அளவுக்கு. தோல் ஈரமாக இருந்தது. இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது.

அவன் விரலை நீட்டினான். தோலுக்கடியிலிருந்து ஏதோ அந்த விரலைச் சுற்றி இறுகியது. விடவில்லை.

வெகுநேரம் கழித்து, பிடி தளர்ந்தபின்தான் வீட்டுக்குள் போக முடிந்தது. பேனாவைத் திறந்து எழுதினான்:

நவம்பர் 15, திங்கள். இருக்கைகள் இரண்டு போதும் என்று நினைத்தேன். தவறு என்னுடையது. நாளை செய்ய வேண்டியது: கல் வேண்டாம், இறக்கிவிட்டாள் என்று மச்சானுக்குச் சொல்லியனுப்புவது. இரண்டு இருக்கைக்கும் நடுவே சின்ன இருக்கை ஒன்று தைப்பது. அளவு எடுத்தாயிற்று.