எண்பது வயதுக்கு ஒரு பிறந்தநாள்

உலகத்திலேயே தன் குடும்பத்தை முழுதாக அறிந்தவள் ரதி ஒருத்திதான். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இதைச் சொன்னவளும் ரதிதான்.

ரதிக்குப் பதினொரு வயது. டொரொன்டோவில் டோர்செட் பார்க் அடுக்குமாடி ஒன்றில் ஏழாம் மாடியில் வீடு. 1987 மார்ச் மாதம் வகுப்பில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். அன்று பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டு மேசையில் அவள் இந்த அறிவிப்பை வெளியிட்டாள்.

"எங்கட ஆக்களுக்குக் கடதாசியே தேவையில்லை. எல்லாம் தலைக்குள்ள இருக்கு."

பள்ளிக்கூடத்தில் அவர்கள் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் ரதி பெருமை பேசத் தொடங்கினால் அவளுடைய ஆங்கிலம் மட்டுமல்ல, கேட்பவர்களின் ஆங்கிலமும் யாழ்ப்பாணத் தமிழ்போலவே கேட்கும்.

பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழன் கெவின் ஒரு கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தான்.

"ஆருக்கு?"

"இங்கிலாந்தில ஒரு கிராமத்துப் பாதிரியாருக்கு. எங்கட பழைய ஆக்களின்ர பிறப்பு, கலியாணப் பதிவெல்லாம் அவற்ற தேவாலயத்திலதான்."

"உனக்கு அவரைத் தெரியுமோ?"

"இல்லை."

"செத்த ஆக்களைப் பற்றி, முன்பின் தெரியாத ஆளுக்குக் கடிதம்! உனக்கு வேற வேலை இல்லையோ?" ரதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கெவின் சிரிக்கவில்லை.

"என்ர தாத்தாவை ஏழு வயசில தனியாக் கப்பலில ஏத்தி, கனடாவில ஒரு பண்ணை வேலைக்கு அனுப்பிப்போட்டினம். தாய் தேப்பன்ர பேரும் ஊர்ப் பேரும்தான் அவருக்குத் தெரியும். பிறந்தநாள் தெரியாது. இந்த வருசம் எண்பது. கேக் வாங்கினாத் தொடமாட்டார். தன்ர நாள் இல்லாத நாளில மெழுகுதிரி ஊதமாட்டாராம்."

ரதியின் வாயில் இருந்த பாண் துண்டு அப்படியே நின்றது.

"பாதிரியார் என்ன சொன்னவர்?"

"ரெண்டு தரம் தேடிப் பாத்தவராம். தாத்தான்ர தாய் தேப்பன் கலியாணம் கட்டினது பதிவில இருக்கு. தாத்தா இல்லை. இது நன்றிக் கடிதம். இனித் தேட ஒண்டும் இல்லை."

ரதி பாதிரியாரின் பதிலை வாங்கி வாசித்தாள். பிறகு இன்னொரு தரம் வாசித்தாள்.

"கலியாணப் பொம்பிளை வேற ஊரெண்டு போட்டிருக்கு. ஸ்டோக் வேல். எங்க அது?"

"ஏழு மைல் தள்ளி."

"தாத்தா மூத்த பிள்ளையோ?"

"ஓம்."

"பிறகென்ன! தலைப்பிள்ளை பெறத் தாய் வீட்டுக்கெல்லோ போவினம்! நானும் அம்மான்ர ஊரிலதான் பிறந்தனான். அப்பான்ர ஊரில தேடினா, நான் பிறக்கவே இல்லை எண்டுதான் சொல்லுவினம்."

"இங்கிலாந்திலயும் அப்பிடியோ?"

"அம்மாமார் எல்லா இடத்திலயும் அம்மாமார்தான்," என்றாள் ரதி. இங்கிலாந்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே தேத்தண்ணி குடிப்பார்கள் என்பது மட்டுமே.

கெவின் கடிதத்தைக் கிழித்தான். ஸ்டோக் வேல் பாதிரியாருக்குப் புதிதாக ஒன்று எழுதினான். எழுதி முடித்து நிமிர்ந்தான்.

"சரி, உன்ர குடும்பத்தைச் சொல்லு பாப்பம்."

"அப்பா பத்மநாதன். அப்பப்பா பொன்னம்பலம். அவற்ற அப்பா…"

மணி அடித்தது. ஒருத்தியின் மானத்தை ஒரு பள்ளிக்கூட மணி இவ்வளவு சரியான நேரத்தில் காப்பாற்றியது அதுவே முதல் தடவை.

மாலையில் அப்பா வேலையால் வந்ததும் கேட்டாள்.

"அப்பா, அப்பப்பான்ர அப்பாவுக்கு என்ன பேர்?"

அப்பா சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்க வெகுநேரம் எடுத்தார்.

"பெரியப்பாவுக்குத்தான் தெரியும், மகள். எல்லாற்ற பேரையும் ஒரு கொப்பியில எழுதி வச்சிருந்தவர்."

"அந்தக் கொப்பி?"

"ஊரில, கொக்குவில் வீட்டோட எரிஞ்சுபோச்சு. அங்க இப்ப கேக்கிறதுக்கும் எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

சுவரில் பெரியப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. ரதி பென்சிலை எடுத்தாள். குடும்ப மரத்தில் பொன்னம்பலத்துக்கு மேலே ஒரு பெட்டியை வெறுமையாக விட்டாள்.

மே மாதத் தொடக்கத்தில் கெவின் மூச்சிரைக்க ஓடிவந்தான். கையில் ஸ்டோக் வேல் கடிதம்.

"இருக்கு! 1907, மே பத்தொன்பது!"

மே பத்தொன்பது செவ்வாய்க்கிழமை. டொரொன்டோவுக்குப் பக்கத்து விட்பியில் இருந்த கெவினின் தாத்தா வீட்டுக்கு ரதியையும் கூட்டிப்போனார்கள். தாத்தா அந்தக் கடிதத்தை மூன்று பேரிடம் கொடுத்து மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு எண்பது மெழுகுதிரியையும் தானே ஊதினார். நாலு தரம் மூச்சு வாங்கினார். உதவிக்கு ஒருவரையும் கிட்ட விடவில்லை.

கடைசித் திரி அணைந்ததும், "மே பத்தொன்பது," என்று மெதுவாகச் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை.

மறுநாள் ரதி அப்பாவிடம் போனாள்.

"பெரியப்பா பிறந்தது எங்க?"

"அராலியில. அப்பம்மான்ர ஊர். அவர்தானே மூத்தவர். ஏன்?"

"சும்மா."

பெரியப்பாவின் பிறப்புப் பதிவு அராலியில் இருந்தால் அதில் பொன்னம்பலத்தின் அப்பா பேரும் இருக்கக்கூடும்; தேடிப் பார்க்கப் பள்ளிக்கூட அதிபருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அப்போது சண்டை. கடிதம் போய்ச் சேருமோ என்று யாராலும் சொல்ல முடியாது. ரதி அம்மாவின் மேசை லாச்சியைத் திறந்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் நீல நிற ஏரோகிராம் கடிதத்தாள் ஒன்றை எடுத்தாள். அறைக் கதவைச் சாத்தினாள். கெவின் பார்த்தால் என்ன சொல்வான் என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினாள்:

"அராலிப் பள்ளிக்கூட அதிபர் ஐயாவுக்கு, என்னை உங்களுக்குத் தெரியாது."