அழுகிய திமிங்கிலமும் தூங்கிய பேட்டரியும்

“அதுக்குள்ள கையை விட்டுத்தான் ஆகணுமா?” என்று திமிங்கில ஆய்வாளர் நஸ்ரினிடம் கோமளா கேட்டபோது படகு இன்னும் கரையைத் தொடவே இல்லை. நாற்றம் மட்டும் முன்னாலேயே வந்து வரவேற்றுவிட்டது.

மீனவர்கள் பார்த்துச் சொன்னபடியே, ஆளில்லாத அந்தத் தீவின் மணலில் செத்த திமிங்கிலம் ஒன்று உப்பிக் கிடந்தது. அதன் போக்கைக் கண்காணிக்க நஸ்ரின் பொருத்தி, முதுகுக் கொழுப்பில் புதைந்த கருவிதான் அவர்கள் தேடி வந்த புதையல். உள்ளே இருந்தது கோமளா வடிவமைத்த லித்தியம் பேட்டரி. சார்ஜ் ஏற்றவே வேண்டாம், வருஷக்கணக்கில் கெடாது என்று மேடைக்கு மேடை பெருமையடித்தவள் அவள். ஆனால் நீண்ட தூக்கத்துக்குப் பின் எழுந்து சிக்னல் அனுப்பவேண்டிய கருவி, மூச்சே விடவில்லை. அதே பேட்டரிதான் அந்தக் கடற்கரைப் படகுகளின் ஆபத்தில் உதவி கேட்டுச் சிக்னல் அனுப்பும் கருவிகளிலும் இருந்தது. படகோட்டி மிக்கேலின் தம்பி ஜெபமாலை அப்படி ஒன்றை நம்பித்தான் ஆழ்கடலுக்குப் போயிருந்தான்.

“தள்ளி நில்லுங்கம்மா. வயித்துல வாயு அடைச்சிக் கெடக்கு” என்று சொல்லி மிக்கேல் நீளக் கம்பால் குத்தினார். புஸ்ஸென்று பீய்ச்சிய பழுப்புக் கூழ் கோமளாவின் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. கருவாட்டுக் கடையைக் கண்டாலே எதிர்ப்பக்கம் நடக்கிறவள்! காலையில் சாப்பிட்ட இட்லி அப்படியே மணலில் விழுந்தது.

மிக்கேல் கத்தியை எடுத்தார்.

“வேண்டாண்ணே, பேட்டரியில கத்தி பட்டா தீப்பிடிச்சிரும்” என்று கோமளாவே முன்னால் போனாள். கண்ணை மூடிக்கொண்டு முதுகுக் கொழுப்புக்குள் தோள்வரை கையை விட்டாள். வெதுவெதுவென்று, கொழகொழவென்று, விரல்களுக்கிடையே புழுக்கள் நெளிந்தன. சீ, இந்தக் கையால் இனி எப்படிச் சோறு தின்பது! அதற்குள் அலை ஏறி, அந்தப் பெரிய உடல் அவள் பக்கம் புரளத் தொடங்கியது.

“கைய உருவுங்க!” என்று கத்தினார் மிக்கேல்.

விரலில் உலோகம் தட்டியது. பற்றி இழுத்துக்கொண்டு மல்லாந்து விழுந்தாள். அவள் நின்ற இடத்தில் திமிங்கிலம் சாய்ந்தது.

படகில் வைத்து பேட்டரியைக் கழற்றி, ஒரு சின்ன பல்பை மாட்டினாள். எரியவில்லை.

“செத்துப்போச்சு. தூக்கிப் போடு, நாத்தம் தாங்கல” என்றாள் நஸ்ரின்.

மிக்கேலின் முகம் வெளுத்தது. “அப்ப எந்தம்பிகிட்ட இருக்கதும் இப்படித்தானா?”

பல்பையும் பேட்டரியையும் இணைத்த கம்பியைக் கோமளா விடவில்லை. சற்று நேரத்தில் பல்பு மங்கலாகச் சிவந்தது. பிறகு பளிச்சென்று எரிந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. சும்மா இருக்கும்போது சக்தி வீணாகாமல் லித்தியத்தின்மேல் மெல்லிய படலம் ஒன்று படியும். பேட்டரி நீண்ட நாள் கெடாமலிருக்க அந்தப் படலத்தைக் கெட்டியாக்கியதே அவள்தான். அது கரைந்து மின்சாரம் வருவதற்குள், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கருவி தன்னை அணைத்துக்கொண்டிருக்கிறது! திமிங்கிலத்தைவிட இப்போது தன் பெருமையே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“சத்தெல்லாம் அப்படியே இருக்குண்ணே. எழுந்திரிக்கத்தான் நேரமாகுது. தம்பியை அவர் கருவியில இருக்க டெஸ்ட் பட்டனை அமுக்கச் சொல்லுங்க. விளக்கு எரியலன்னாலும் விடாம அமுக்கணும்.”

மிக்கேல் வயர்லெஸ்ஸில் சொன்னார். இரைச்சல்தான் வந்தது. பிறகு ஜெபமாலையின் குரல் கேட்டது: “மொத ரெண்டு தடவ எரியலண்ணே. இப்ப எரிஞ்சிட்டு.”

மிக்கேல் சிலுவை போட்டுக்கொண்டார்.

திருத்திய புதுப் பேட்டரி செய்யும்வரை பழையதை அவ்வப்போது எழுப்பிவிட வேண்டும். துறைமுகத்தில் ஒவ்வொரு படகாக நின்று கோமளா இதையே சொன்னாள். எல்லாரும் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் பட்டனை அமுக்கினார்கள்.