பூசணித் தோட்டத்திலிருந்து ஓர் ஓட்டம்

லும்காவுக்கு மெதுவாகப் பந்து வீசத் தெரியாது.

அவள் பிறந்த டிம்பினி ஊரிலோ வேகமாகப் பந்து வீச இடம் கிடையாது.

மைதானம் என்று அவர்கள் சொன்னது, காலையில் மாடுகள் மேய்ந்துவிட்டுப் போகும் ஒரு சரிவு. ஒரு முனையில் பாறை. மறுமுனையில் வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாம்டோலோ அம்மாவின் தோட்டம்; மக்காச்சோள வரிசைகள், அவற்றின் ஓரமாகப் பூசணிக்கொடிகள். பாறைப் பக்கமிருந்து நாலு அடி ஓடலாம். வாய்க்கால் பக்கமிருந்து எட்டு அடி ஓடலாம். அதனால் டிம்பினியில் எல்லாருமே சுழற்பந்து வீச்சாளர்கள். பந்து சுழலாவிட்டாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பக்கத்து ஊரான ருலெனியோடு சிறுவர் ஆட்டம் நடக்கும். தோற்ற ஊர், ஜெயித்த ஊருக்கு ஒரு செம்மறியாடு கொடுக்க வேண்டும். மூன்று வருடமாக ஆடு ஒரே திசையில்தான் நடந்தது. டிம்பினியிலிருந்து ருலெனிக்கு.

"இந்த வருஷம் யாரும் கூடப் போக வேண்டாம். ஆட்டுக்கே வழி தெரியும்" என்று ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள்.

லும்காவுக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை.

"அண்ணா, இந்த வருஷம் நான் வீசறேன்" என்றாள்.

அணித் தலைவன் மொண்டே அவளுடைய பெரியம்மா மகன். அவளைவிட இரண்டு வயது பெரியவன். தலையைச் சொறிந்தான்.

"எட்டு அடிதான். அதுக்குள்ள போட்டுக் காட்டு."

"எட்டு அடியில நான் கிளம்பவே மாட்டேன்."

"நீ என்ன லாரியா, சூடாகிக் கிளம்ப?"

எட்டு அடி ஓடி வீசினாள். பந்து கொட்டாவி விட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

லும்கா பந்தை எடுத்துக்கொண்டாள். வாய்க்காலைத் தாண்டினாள். மாம்டோலோவின் மக்காச்சோளத்துக்குள் போய் மறைந்தாள்.

"ஏய்! எங்க போற?"

சோளப் பயிர் அசைந்தது. அதற்குள்ளிருந்து அவள் வெறுங்காலோடு ஓடி வந்தாள். வாய்க்காலை ஒரே குதியில் தாண்டினாள். கை சுழன்றது. ஸ்டம்புக்குப் பதிலாக வைத்திருந்த மண்ணெண்ணெய் டின் 'டமார்' என்று பறந்தது. தூரத்தில் மேய்ந்த மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

யாரும் சிரிக்கவில்லை.

"யாரது, என் பூசணியை மிதிச்சது?"

மாம்டோலோ வந்துகொண்டிருந்தார். கையில் மண்வெட்டி. அவருக்குக் கோபம் வராத நேரம் என்றால் அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். உருண்டு கிடந்த பந்தை எடுத்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

ஊரில் இருந்த ஒரே தோல் பந்து அது.

"போச்சு!" என்றான் மொண்டே. "உன் வேகத்தால பந்தும் போச்சு. நீ எல்லைக்கோட்டுல நில்லு. பந்து வீச வேணாம். ருலெனிக்காரங்க பார்த்தா சிரிப்பாங்க."

"டின் சிரிச்சுதா?" என்று கேட்டாள் லும்கா.

மறுநாள் விடியற்காலையில் மாம்டோலோ காபிக் கோப்பையோடு கதவைத் திறந்தார். தோட்டத்தில் லும்கா குந்தியிருந்தாள். மிதிபட்ட கொடியின் வேருக்குச் சாணமும் மண்ணும் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"பந்து கேட்டு அழ வந்தியா?"

"இல்ல, மாம்டோலோ. மிதிச்சது நான். அதான் மண் அணைக்க வந்தேன்."

"அணைச்சாச்சு இல்ல? கிளம்பு."

"ஒண்ணு கேக்கணும்."

"முடியாது."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

"அதான் முன்னாடியே சொல்லிட்டேன். ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்."

அப்போது வேலி இடுக்கில் ஆடுகள் நுழைந்தன. நேராகச் சோளப் பயிருக்குப் போயின. மாம்டோலோ கத்தினார். ஆடுகள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தன. பிறகு மென்றன.

லும்கா எழுந்தாள். தோட்டத்தின் கோடியிலிருந்து, இரண்டு சோள வரிசைகளுக்கு நடுவே, அந்த டின்னை நோக்கி ஓடியதுபோலவே ஓடினாள். ஆடுகள் அவளைப் பார்த்தன. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வேலிக்கு வெளியே பாய்ந்தன.

மாம்டோலோ காபியை ஒரு வாய் குடித்தார்.

"நான் கத்தினா இதுங்க பாட்டுக் கச்சேரி மாதிரி நின்னு கேக்கும்" என்றார்.

லும்கா மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "எனக்கு இந்த ஒரு சந்து போதும். ரெண்டு வரிசைக்கு நடுவுல, என் பாதம் அகலத்துக்கு. தினமும் விடியறதுக்குள்ள வந்து ஓடுவேன். ஒரு ஆடும் உள்ள வராது."

"கொடியை மிதிச்சா?"

"மிதிக்க மாட்டேன்."

"ஒரு இலை கிழிஞ்சாக்கூட பந்து என் அடுப்புக்குள்ள போகும்."

"கிழியாது."

மாம்டோலோ அவளை மேலும் கீழும் பார்த்தார். பைக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்து எறிந்தார்.

அன்றிலிருந்து லும்கா தினமும் ஓடினாள். சந்து குறுகல். முழங்கையை விரித்தால் சோளத்தாள் கீறும். அதனால் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு ஓடப் பழகினாள். கால் அரை அடி விலகினால் பூசணிக்கொடி. அதனால் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடப் பழகினாள். கடைசியில் வாய்க்கால். அதை ஒரே குதி.

ஒரு வாரத்தில் ஆடுகள் அந்தப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டன. மொண்டே தினமும் வந்து பார்த்தான். ஒருநாள் பேட்டை எடுத்துக்கொண்டு எதிரில் நின்றான். டின் பறந்தது. மறுபடியும் நின்றான். மறுபடியும் பறந்தது.

"சரி" என்றான். "கடைசி ஓவர் உனக்கு."

"முதல் ஓவரும்."

"நான்தான் கேப்டன்!"

"அதான் உன்கிட்ட கேக்கறேன்."

ஆட்டத்தன்று இரண்டு ஊரும் சரிவில் உட்கார்ந்திருந்தன. செம்மறியாடு ஒரு முள்மரத்தில் கட்டப்பட்டிருந்தது. மாம்டோலோ தன் தோட்டத்து ஓரத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மண்வெட்டி.

டிம்பினி முதலில் ஆடி எழுபது ரன் எடுத்தது. பிறகு லும்கா பந்தை வாங்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிச் சோளத்துக்குள் போனாள்.

ருலெனியின் தலைவன் ஸோலானி நல்ல உயரம். அவன் பேட்டில் ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

"என்னடா மொண்டே, உங்க பௌலர் வீட்டுக்குப் போயிட்டாளா? சமைக்க நேரமாச்சா?"

சோளம் அசைந்தது. அவள் வந்தாள். வாய்க்காலைத் தாண்டினாள். பந்து ஸோலானியின் காதை உரசுவதுபோல் 'விர்' என்று போனது. அவன் சிரிப்பு நின்றது.

"நடுவர் சார்!" என்று கத்தினான். "இது செல்லாது! அவ மைதானத்துக்கு வெளியிலேருந்து ஓடி வர்றா!"

நடுவராக நின்றவர் பள்ளிக்கூட ஆசிரியர் ஜோனஸ். தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். அவருக்கு இப்படியொரு கேள்வி இதுவரை வந்ததில்லை.

வாளியிலிருந்து மாம்டோலோ எழுந்தார்.

"ஏய், நெட்டைப் பையா! அது என் நிலம். அதுல யார் ஓடணும்னு நான் சொல்லணும். நீ யாரு? நான் வீட்டுலேருந்து நடந்து கடைக்குப் போனா, 'நீ எங்கேருந்து நடக்க ஆரம்பிச்ச'ன்னு கடைக்காரன் கேப்பானா?"

எல்லாரும் சிரித்தார்கள். ருலெனிக்காரர்களும் சிரித்தார்கள்.

ஜோனஸ் சார் தொண்டையைச் செருமினார். "பந்தை விடும்போது கால் கோட்டுக்குள்ள இருக்கா? இருக்கு. ஓட்டம் எங்க ஆரம்பிச்சா நமக்கென்ன? ஆடுங்க."

"அப்போ நாளைக்கு அவ சமையல்கட்டுலேருந்து ஓடி வருவா!" என்றான் ஸோலானி.

"வருவேன்" என்றாள் லும்கா. "குறுக்க மட்டும் நிக்காத."

ஆனால் ஸோலானி நல்ல ஆட்டக்காரன். மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேறியபோதும் அவன் நின்றான். கடைசி ஓவருக்கு லும்கா வந்தபோதும் நின்றான். அவளுடைய ஐந்தாவது பந்தில் கண்ணை மூடிக்கொண்டு பேட்டைச் சுழற்றினான். பந்து அவள் தலைக்கு மேலே பறந்து, வாய்க்காலைத் தாண்டி, பூசணிக்கொடிக்குள் விழுந்தது. ஆறு ரன்!

ருலெனிக்காரர்கள் கைதட்டிக் கூத்தாட ஆரம்பித்தார்கள். ஒருவன் போய் ஆட்டின் கயிற்றைத் தடவிப் பார்த்தான்.

மிச்சம் ஒரு பந்து. ஜெயிக்க ருலெனிக்கு இரண்டு ரன் வேண்டும்.

மொண்டே பதறிப்போய்த் தோட்டத்துக்குள் ஓடினான். கொடியில் சிக்கிய பந்தை வெடுக்கென்று இழுத்தான். பந்தோடு கொடியும் வந்தது. சந்துக்குக் குறுக்கே, முழங்கால் உயரத்தில், சோளத்தாளைச் சுற்றிக்கொண்டு நின்றது. அதில் ஒரு பிஞ்சுப் பூசணி தொங்கியது.

லும்கா ஓட்டம் தொடங்கும் இடத்துக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தாள். திரும்பி வந்து மெதுவாக விலக்கிப் பார்த்தாள். தண்டு 'நெறுக்' என்றது. உடனே கையை எடுத்துவிட்டாள்.

"மிதிச்சுட்டு ஓடு!" என்று மொண்டே கிசுகிசுத்தான். "ஒரே ஒரு கொடிதானே? ஜெயிச்சா யாரு கேக்கப் போறா?"

"மாட்டேன்."

"அப்போ இந்தப் பக்கம் வந்து எட்டு அடியில போடு!"

"அதுவும் மாட்டேன்."

"ஆடு போயிடும், லும்கா!"

"எங்கயும் போகாது. நீ உன் இடத்துக்குப் போ."

"சீக்கிரம்!" என்றார் ஜோனஸ் சார்.

"பொண்ணு பயந்துட்டா!" என்று ஒரு குரல் வந்தது.

லும்கா கோடிவரை நடந்தாள். திரும்பினாள். மாம்டோலோ வாளியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கண் பந்தைப் பார்க்கவில்லை. அந்தப் பிஞ்சைத்தான் பார்த்தது.

லும்கா ஓடினாள். முழங்கை ஒடுங்கியது. வேகம் ஏறியது. கொடி வந்தது. குதித்தாள். பிஞ்சு பாதத்துக்குக் கீழே கடந்து போனது. சந்துக்குள்ளேயே இறங்கினாள். வேகம் குறையவில்லை. வாய்க்கால் வந்தது. மறுபடியும் குதித்தாள்.

அங்கே ஸோலானிக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. அவள் வாய்க்காலைத் தாண்டியதும் பந்து வரும் என்று அவனுக்கு இப்போது பழகியிருந்தது. சோளத்துக்கு மேலே அவள் தலை எழும்பியதும் பேட்டைத் தூக்கினான். பந்து வரவில்லை. பேட்டைக் கீழே இறக்கினான். அவள் மறுபடியும் எழும்பினாள். மறுபடி பேட்டைத் தூக்குவதற்குள் பந்து வந்தே விட்டது.

நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு பறந்தது.

மாடுகள் தலையைத் தூக்கின. இந்த முறை டிம்பினியே கத்தியது. மொண்டே லும்காவைத் தூக்கப் பார்த்தான். முடியாமல் அவளோடு சேர்ந்து விழுந்தான்.

ஸோலானி ஸ்டம்பை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தான். "ரெண்டு தடவ குதிச்சா எந்தக் குதியிலதான் பந்து வரும்? அத முதல்ல சொல்லு!"

"அடுத்த வருஷம் சொல்றேன்."

மாம்டோலோ கைகுலுக்கவில்லை. தோட்டத்துக்குள் போய்க் குனிந்து கொடியை நுனியிலிருந்து வேர்வரை தடவிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஒரு இலைகூடக் கிழியல" என்றார்.

அன்று மாலை செம்மறியாடு முதல்முறையாக ருலெனிக்கு நடக்காமல் டிம்பினியைப் பார்த்து நின்றது. அதற்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது.

வருடங்கள் போயின. லும்கா வளர்ந்தாள். பிரிட்டோரியாவில் தேசிய அணிக்கான பயிற்சி முகாமுக்கு அவளை அழைத்தார்கள். இப்போது காலில் ஷூ இருந்தது. சுற்றிலும் வெட்டிவிட்ட புல். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம்.

பயிற்சியாளர் அவளுடைய ஓட்டத்தைப் படம்பிடித்துத் திரையில் போட்டுக் காட்டினார்.

"நல்ல வேகம். ஆனா நடுவுல எதுக்கு ரெண்டு தடவ குதிக்கற? இப்படி யாரும் ஓடி நான் பார்த்ததில்ல."

"ஒண்ணு வாய்க்காலுக்கு, சார். இன்னொண்ணு பூசணிக்கொடிக்கு."

அவர் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். "இங்க ரெண்டுமே இல்லையே. எடுத்துடலாம்."

"எடுக்க மாட்டேன்."

"என்னது?"

"நல்லா ஆடற ஒருத்தர எதிர்ல நிக்கச் சொல்லுங்க, சார்."

நிற்கச் சொன்னார். லும்கா ஓடி வந்தாள். முதல் குதியில் அந்த ஆட்டக்காரர் பேட்டைத் தூக்கினார். இரண்டாவது குதியில் ஸ்டம்பைத் தேடினார். பயிற்சியாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் எத்தனையோ நாடுகளில் பந்து வீசினாள். பெரிய பெரிய ஆட்டக்காரர்களின் ஸ்டம்புகள் பறந்தன. எல்லா மைதானத்திலும் அவள் இரண்டு முறை குதித்தாள்.

டிம்பினியில் எல்லாரும் தொலைக்காட்சியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டம்பு பறந்ததும் துள்ளிக் குதிப்பார்கள். மாம்டோலோ மட்டும் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, திரையில் லும்காவின் காலடியைக் கூர்ந்து பார்ப்பார்.

"ஒரு இலைகூடக் கிழியல" என்பார்.