காயாத மைப்படி

சௌரிராஜன் காலில் சக்கரம் கட்டியவர். ஜெர்மனியில் கல்வெட்டுப் பேராசிரியர். எந்த ஊருக்கு ஆராய்ச்சிக்குப் போனாலும் கூடவே ஓர் உல்லாசப் பயணத்தையும் முடிச்சுப் போட்டுவிடுவார். பாரிஸ் ஆவணக் காப்பகம் என்றால் படகுச் சவாரி. திருச்சி என்றால் முக்கொம்பு அணைப் பூங்கா.

இந்தத் தடவை அதெல்லாம் வேண்டாம் என்றிருந்தார். நாளை காலை ஒரு கல்லூரியில் சொற்பொழிவு, இரவே விமானம். கொள்ளிடக்கரைப் பாழ்மண்டபத்தில் தான் கண்டுபிடித்த கல்வெட்டைப் பற்றிப் பேச வேண்டும். 'தான்' என்பது புத்தகத்தில் அவர் போட்டுக்கொண்டது. கண்டுபிடித்தவள் அவருடைய ஆய்வு மாணவி ஜாஹ்னவி, எடமலைப்பட்டி புதூர்ப் பெண்.

திருச்சியில் அம்மா மண்டபம் சாலை லாட்ஜில் அவர் வந்து இறங்கியபோது உச்சிப் பொழுது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. மேனேஜர் ரெங்கராஜ் சாவியை நீட்டினார்.

"ஏசி போட்டு வெச்சிருக்கேன் சார். போய் ரெஸ்ட் எடுங்க."

கட்டிலில் சாய்ந்ததும் கண் சொக்கியது.

தொப். தொப். தொப்.

அந்தச் சத்தத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். கல்வெட்டின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் இறங்கும்படி பிரஷ்ஷால் அடிக்கிற சத்தம். பிறகு மை ஒற்றிக் காயவிட்டு உரித்தால், கல்லில் இருப்பது அப்படியே காகிதத்தில் வந்துவிடும். அதுதான் மைப்படி.

போன் அடித்தது. ரெங்கராஜ்.

"சார், சுவத்துல ஏதாவது அடிக்கிறீங்களா? பக்கத்து ரூம்காரங்க சத்தம் போடுறாங்க."

"நான் ஒண்ணும் அடிக்கலையே."

எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆற்றுச் சேற்று வாடையும் மை வாடையும் கலந்து அறையில் நிறைந்தன.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம். காலையில் ஜாஹ்னவி எடுத்த பன்னிரண்டு தாள்களைக் காரில் போட்டுக்கொண்டு அவர் முக்கொம்புக்குக் கிளம்பிவிட்டார். பதிமூன்றாவது தாள் மண்டபத்துக் கல்லில் ஈரமாக இருந்தது. அது காய அவள் காத்திருந்தாள். மதியம் போன் செய்தாள்.

"சார், ஆத்துல தண்ணி ஏறுது. கிளம்பட்டுங்களா?"

அவர் கண்ணெதிரேதான் கொள்ளிடத்துக்கு மதகைத் திறந்துகொண்டிருந்தார்கள். சங்கு ஊதியது. ஒரு கையில் பஜ்ஜியோடு அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவருக்கு, அந்த வெள்ளம் மண்டபத்துக்குத்தான் போகிறது என்று தெரியும். ஆனால் அந்தக் கடைசித் தாள் மேல் அவ்வளவு ஆசை.

"இப்ப உரிச்சா கிழிஞ்சிடும். காயுற வரைக்கும் அசையாதே."

அவள் மூன்றாம் நாள் லால்குடிப் பக்கம் கரை ஒதுங்கினாள். 'கிளம்பச் சொன்னேன், அந்தப் பொண்ணுதான் கேக்கல' என்று போலீசில் கூசாமல் சொன்னார்.

தொப். தொப்.

சௌரிராஜன் எழுந்து கதவுக்கு ஓடினார்.

கதவு இருந்த இடத்தில் ஈரக் காகிதம்.

ஜன்னலிலும்.

பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது.

"ஜாஹ்னவி... நாளைக்கு மேடையில உன் பேரச் சொல்லிடறேன். போலீஸ்ல சொன்னது பொய்னும் சொல்லிடறேன்மா."

"பதிமூணாவது தாள் பாக்கி இருக்கு சார்."

குளிர்ந்த தாள் ஒன்று நெற்றியில் படிந்தது. மூக்கில் இறங்கியது. வாயை மூடியது.

தொப்.

"அசையாதீங்க சார். காயுற வரைக்கும்."

மாலை காபி கொண்டுபோன ரெங்கராஜ் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தார். சௌரிராஜன் தரையில் கிடந்தார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். சுவரில் இருந்த ஒரே தாளில் கறுப்பு மையில் அவர் முகம் பதிந்திருந்தது. வாய் திறந்திருந்தது.

அந்தத் தாள் இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. ஏட்டம்மா வள்ளிக்கண்ணு அதை ஃபேனுக்கு அடியில் போட்டுப் பார்த்தார். அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடியில் விரித்தும் பார்த்தார். இன்றைக்கு இருபத்தாறு நாள் ஆகிறது.

இன்னும் காயவில்லை. வாய் இருக்கும் இடத்தில் மட்டும் காகிதம் மெல்ல உப்பி, மெல்ல அடங்குகிறது.