ஏழாவது துப்பாக்கி சுடவில்லை

பெட்டிக்குள் ஒரு பிணம் இருந்தது.

இன்னும் சற்று நேரத்தில் பெட்டிக்கு வெளியே இன்னொன்று விழப்போகிறது. அது அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஹார்லன் ஸ்ட்ரவுடுக்கு மட்டும்தான் தெரியும்!

ஹார்லன், முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் கமாண்டர். இறந்தவர் சங்கத்தின் மூத்த உறுப்பினர். ஷெரீஃப் லண்டின் சித்தப்பா. ஷெரீஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி முன்வரிசையில் நின்றார்.

ஏழு பேர். ஏழு பழைய துப்பாக்கிகள். இறுதி மரியாதையாக வானத்தை நோக்கி மூன்று வேட்டு. எல்லாமே வெற்றுத் தோட்டா. சத்தம் வரும், குண்டு வராது.

ஏழு பேரில் ஒருத்தியான டார்லீனின் துப்பாக்கியில் மட்டும் குண்டு உண்டு.

காலையில் அவள் காபி வாங்கப் போன நேரத்தில் ஹார்லன் போட்டது!

அடுத்த தோட்டாவை ஏற்ற வெற்றுத் தோட்டாவின் வேகம் போதாது. அதனால் குழல் வாயில் ஒரு அடைப்பைத் திருகியிருப்பார்கள். அடைத்த குழலுக்குள் நிஜக் குண்டு பாய்ந்தால்... துப்பாக்கி சுடுகிறவர் முகத்திலேயே வெடிக்கும்.

போன வசந்தத்தில் டார்லீனின் அண்ணன் வெண்டல் அப்படித்தான் செத்தான்.

சங்கத்தின் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தவன் அவன். அவனே கவனக்குறைவாகத் தோட்டாவைக் கலந்துவிட்டான் என்று ஹார்லன் கண்ணீரோடு சொன்னார். ஊர் நம்பியது. ஹார்லன் நெஞ்சில் மின்னும் வீரப் பதக்கம் அடகுக் கடையில் வாங்கியது என்பதை வெண்டல் கண்டுபிடித்து, கழற்றிவிடச் சொல்லியிருந்தான். அது ஊருக்குத் தெரியாது.

அண்ணனின் வேலைக்குத் தங்கை வந்தாள். ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்த்தவள். போன வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், எல்லோர் முன்னாலும், எந்தப் படைப்பிரிவில் இருந்தீர்கள் என்று ஹார்லனைச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அந்தச் சிரிப்புக்குத்தான் இன்றைக்குப் பதில்!

வரிசை தயாரானது. ஹார்லனுக்கு வலப்பக்கம் டார்லீன். இடப்பக்கம் அவருடைய ஒரே மகன் கோல்பி.

"கமாண்டர், ஒரு நிமிஷம்" என்றாள் டார்லீன், தணிந்த குரலில். "உங்க துப்பாக்கிக் கட்டையில விரிசல் இருக்கு. கையைக் கிழிச்சிடும். என்னோடதை வெச்சுக்குங்க."

பதிலுக்குக் காத்திராமல் மாற்றிவிட்டாள்.



"வேணாம் டார்லீன். என்னோடதே எனக்குப் பழக்கம்."

"பழுது பாக்கறவ சொன்னா கேட்டுக்கணும் கமாண்டர். எங்க அண்ணன் சொன்னதையும் கேட்டிருக்கலாம்."

"தயார்!" என்று வரிசையின் ஓரத்தில் நின்ற சங்கத்து ஆள் ஆணையிட்டார்.

வாய் திறக்க வழியில்லை. ஏழு குழல்களும் வானத்தைப் பார்த்தன. துப்பாக்கிக் கட்டை ஹார்லனின் கன்னத்தை உரசியது.

"சுடு!"

ஆறு துப்பாக்கிகள் வெடித்தன.

ஏழாவது வெடிக்கவில்லை.

மரத்திலிருந்த காக்கைகள் கலைந்தன. ஷெரீஃப் திரும்பிப் பார்த்தார்.

"சிக்கிக்கிச்சு..." என்று முணுமுணுத்தார் ஹார்லன். "பழைய துப்பாக்கிதானே..."

"நேத்துதான் சுத்தம் பண்ணேன்" என்றாள் டார்லீன். "கோல்பி, அப்பாவுக்குக் கை நடுங்குது. நீ வாங்கிச் சுட்டுப் பாரு."

"குடுங்கப்பா."

கோல்பி பிடுங்காத குறையாக வாங்கினான். தோளில் பொருத்தினான். கன்னத்தைச் சாய்த்தான். விரல் விசைக்குப் போனது...

"டேய் வேணாண்டா!" ஹார்லன் அலறிக்கொண்டே மகன் மேல் பாய்ந்தார். "உள்ள நிஜத் தோட்டா இருக்குடா!"



கோல்பி துப்பாக்கியைத் திறந்தான். தோட்டா புல்லில் விழுந்தது. ஷெரீஃப் குனிந்து எடுத்தார்.

முனை நசுக்கி மூடிய தோட்டா. வெறும் சத்தத் தோட்டா!

ஹார்லன் அதையே வெறித்தார்.

டார்லீன் கோட்டுப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே கூர்மூக்கோடு ஒரு நிஜத் தோட்டா.

"காலையில என் துப்பாக்கிக்குள்ள இருந்துச்சு ஷெரீஃப். துப்பாக்கி கொஞ்ச நேரம் கண்ணுக்கு எட்டாம இருந்தாலும் திறந்து பாத்துடுவேன். இதை எடுத்துட்டு வெத்துத் தோட்டா போட்டேன். இதை யாரு போட்டாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா?"

ஷெரீஃப் ஹார்லனை நெருங்கினார்.

"உள்ள நிஜத் தோட்டா இருக்குன்னு உங்களுக்கு யாரு கமாண்டர் சொன்னது?"

ஹார்லன் மகனைப் பார்த்தார். கோல்பி ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"வெண்டல் அங்கிள் துப்பாக்கியிலயும்... நீங்கதானாப்பா?"

விலங்கு பூட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

ஷெரீஃபின் உதவியாளர் ஹார்லனைக் காருக்கு நடத்திப் போனார். டார்லீன் துப்பாக்கியில் புதிதாக வெற்றுத் தோட்டா போட்டு ஷெரீஃபிடம் நீட்டினாள்.

"இன்னும் ரெண்டு வேட்டு பாக்கி, ஒரு ஆள் குறையுது. வந்து நில்லுங்க ஷெரீஃப்... உங்க சித்தப்பாவை ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டோம்!"